புது டயரும் மூன்று வளைவுகளும்

நாங்கள் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளுக்கு மேல்மூடி எதுவும் கிடையாது. எஞ்சின், குழாய், கம்பி எல்லாம் வெளியே தெரியும். "சட்டை போடாமலே வித்துட்டாங்களா?" என்று முதல் நாளே கேட்டாள் என் மனைவி. முன்பு வைத்திருந்தவர் காய்ந்த ரோட்டில் பறப்பதற்கென்று வழவழப்பான டயர் போட்டிருந்தார். ஐந்தாம் நாள் மழையில் பின்சக்கரம் வழுக்கி இருவரும் விழப் பார்த்தோம். இறங்கியதும் சொல்லிவிட்டாள்.

"டயரை மாத்துங்க. இல்லன்னா வேலையை விட்டுடறேன்."

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பதினான்கு கிலோமீட்டர். கூட்டிப்போன வேன் நின்றுபோனதால்தான் வண்டியே வாங்கினோம். காலை ஏழு மணிக்கு ஷிப்ட். முதல் பஸ்ஸே ஏழேகாலுக்குத்தான். இந்த மாதம் இரண்டு முறை தாமதம். இன்னொரு முறை என்றால் வர வேண்டாம் என்று மேற்பார்வைக்காரி சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டயர் கடையில் நின்றேன். கடைக்காரருக்குத் தடித்த கண்ணாடி. எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று டயர்களை எடுத்துப் போட்டார். ஒன்றைத் தொட்டேன், இன்னொன்றைப் புரட்டினேன், மறுபடி முதலாவதிடம் வந்தேன். மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"அண்ணே, மாடு வாங்க வந்த மாதிரி எத்தனை தடவை சுத்துவீங்க? பல்லைப் பிடிச்சுப் பாக்காததுதான் பாக்கி."

"பின்னாடி உக்கார்றது உங்க வீட்டம்மா இல்லியே."

முதலாவது அகலம், பார்க்க எடுப்பு, பள்ளம் குறைவு. இரண்டாவது சேற்றுக்கானது, கட்டி கட்டியாக இருந்தது. மூன்றாவதில் நடுவிலிருந்து ஓரம் வரை சாய்வாகப் பள்ளங்கள் ஓடின. "மழை, வெயில், குளிர் எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்" என்றார். கட்டட வேலையில், மொட்டைமாடித் தளத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தப் பள்ளங்கள் எனக்குப் பிடித்துவிட்டன.

இரண்டு சக்கரத்துக்கும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்தபடி சொன்னார்: "நூத்தைம்பது கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் வளைவுல சாய்க்காதீங்க. ரப்பரை அச்சுல வார்த்தப்ப ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு மேல இருக்கும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"எந்தப் புது டயரும் அப்படித்தாண்ணே."

 நான் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரன். கான்கிரீட் ஒட்டாமல் கழன்று வர நாங்களும் பலகையில் எண்ணெய் பூசுவோம். மறுநாள் அந்தப் பிசுக்கை டீசலால் துடைப்போம். இதுவும் அப்படித்தானே என்று, வீட்டுக்கு வந்ததும் கந்தலை டீசலில் நனைத்து முன் டயரைத் துடைத்தேன். கறுகறுவென்று மின்னியது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் முன்பைவிட வழுக்கியது.

வாசலில் நின்ற மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன்."

"எண்ணெயை எண்ணெயால கழுவுற ஆளை இப்பத்தான் பாக்குறேன். தள்ளுங்க."

டீசல் ரப்பரையே தின்றுவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூளைக் கரைத்து, ஆஸ்பத்திரி விரிப்பை அலசுவதுபோல் இரண்டு டயரையும் மூன்று தண்ணீர் மாற்றித் தேய்த்தாள். பிறகு நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நேரான ரோட்டில் போவதும் திரும்புவதுமாகப் பொழுது சாயும்வரை ஓட்டினேன். எழுபத்திரண்டு கிலோமீட்டர்தான் ஆயிற்று.

"பாதிதான் ஓடியிருக்கு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் டயரைத் தடவிப் பார்த்தாள். "வழியில எத்தனை வளைவு?"

"பெருசா மூணு."

"வளைவுக்கு வளைவு இறங்கி நடக்கறேன். வெள்ளன கிளம்புவோம்."

திங்கட்கிழமை நல்ல மழை. ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். முதல் வளைவில் அவள் இறங்கி, பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓரமாக நடந்தாள். நான் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "வீட்ல சண்டையா?" என்று கேட்டார். இரண்டாவது வளைவிலும் அதே கதை. பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்ததால், வண்டியைத் தள்ளிக்கொண்டே போனதில் கால் மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் இருந்த மூன்றாவது வளைவில் நிறுத்தினேன். ஏழு ஆக ஆறு நிமிடம். அவள் இறங்கவில்லை.

"இறங்கும்மா."

"இறங்கினா வேலை போயிடும். போங்க."

"சறுக்கினா?"

"மெதுவா போனா ஏன் சறுக்கப் போகுது? அரை மணி நேரம் தேய்ச்சிருக்கேன்."

என் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். வண்டியைச் சாய்க்காமல், ஈரக் கான்கிரீட் நிறைந்த தள்ளுவண்டியைப் பலகைமேல் திருப்புவதுபோல் அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி, "பொறுய்யா, புது டயரு!" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் குதித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். உள்ளே ஏழு மணிச் சங்கு ஊதியது. அதற்கு முன்பே அவள் சலவைக்கூடக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள்.