தேடினால் வருகிறவன்

பத்ரிநாத் மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் தடுத்தார் போலிருக்கிறது. "பிட்ரீ, மேலே ஹோக்பேகு" என்று, மேலே போக விடச் சொல்லிக் கன்னடத்தில் கத்தி, வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு ஏறும் குரல் கேட்டதும் இளவேனில் நாற்காலியை விட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். மனிதர் முன்பும் வந்திருக்கிறார். வந்தபோதெல்லாம் "பேரை எடுத்தாச்சு சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கு எதைச் சொல்லித் தொலைப்பது?

மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் அந்த ரத்ததான அறக்கட்டளை நடந்துகொண்டிருந்தது. ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்கள் இணையதளத்தில் பெயரைப் பதிந்து வைப்பார்கள். தேவைப்படுகிறவர்கள் தங்கள் பெயர், ஏரியா, செல் நம்பரைக் கொடுத்துவிட்டு ரத்த வகையையோ ஆளின் பெயரையோ போட்டுத் தேடினால் பெயரும் போன் நம்பரும் வரும். அவர்களே கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம். அந்தத் தேடல் சர்வரை அமைத்தவள் இளவேனில். தர்மபுரிக்காரி. மளிகைச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருந்தவள், நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது செய்வோமே என்று இங்கே வந்து சேர்ந்தாள். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டும், இன்றைக்கு அந்தப் பெருமை எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டது என்று பார்க்கத்தானே போகிறோம்.

பத்ரிநாத் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர், எப்போதும் மடிப்புக் கலையாமல் வருகிறவர். இன்றைக்குச் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றில் மாட்டியிருந்தன.

"பேரை எடுத்துட்டோம் எடுத்துட்டோம்னு சொன்னேளே, எடுத்தேளா இல்லையா?"

"சார், ஃபர்ஸ்ட் உக்காருங்க" என்றாள் கேரல். அலுவலகத்தில் போன் எடுப்பதும் பெயர் பதிவதும் நீக்குவதும் அவள்தான். "என் கையாலயே டெலீட் பண்ணேன் சார். இதோ பாருங்க, இல்லவே இல்ல."

அவள் திருப்பிக் காட்டிய திரையில் பெயர் இல்லை. நிஜமாகவே இல்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்குக் காத்தால போன் வந்தது. ஷ்ரேயாஸ் இருக்காரா, ஓ நெகட்டிவ் வேணும்னு யாரோ கேக்கறான். என் ஆத்துக்காரி வீணாதான் எடுத்தா. என்ன சொன்னா தெரியுமா? 'குளிச்சிண்டிருக்கான், இதோ அனுப்பறேன்'னுட்டா."

கேரல் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷ்ரேயாஸ் அவருடைய ஒரே பிள்ளை. மார்கழியில் ஹோசூர் ரோட்டில் பைக் விபத்தில் செத்துப்போனான். இருபத்தாறு வயசு.

"இத்தனை நாள் ஊர்ல இல்லேன்னு சொல்லிண்டிருந்தா. சரி, ஆத்தாமைக்குச் சொல்றான்னு விட்டுட்டேன். இப்ப வரான்னு சொல்லிட்டாளே! எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரில எவனோ ஒருத்தன் எம் பிள்ளை வருவான்னு வாசலைப் பார்த்துண்டு உக்காந்திருக்கான். வேற ஆளைத் தேடக்கூட மாட்டான். போனைக் குடுடின்னா குடுக்க மாட்டேங்கறா. ரூமைச் சாத்திண்டு அவன் சட்டைக்கு இஸ்திரி போடறா."

இளவேனில் தன் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து, வெளியாள் தேடுவதைப் போலத் தேடிப் பார்த்தாள். ஓ நெகட்டிவ். முதல் பெயரே ஷ்ரேயாஸ் பத்ரிநாத், மல்லேஸ்வரம். கூடவே போன் நம்பர், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது வீட்டு நம்பரென்று கொடுத்தது. டேட்டாபேஸில் இல்லாத ஆள் தேடலில் மட்டும் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"முதல்ல அந்த ஆளைக் கண்டுபிடிக்கலாம் சார்" என்றாள்.

தேடியவர்களின் பெயரும் நம்பரும் சர்வரில் பதிவாகியிருக்கும். இன்று காலையில் அந்த வகையைத் தேடியவர் ஒரே ஒருவர்தான்: சுந்தரமூர்த்தி, பொம்மனஹள்ளி. இளவேனில் அவரைக் கூப்பிட்டாள்; மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"அண்ணா, ரத்தம் தேடுனீங்களே, அந்த ஆபீஸ்லேருந்து பேசுறேன்."

"கும்பிடுறேன் மேடம்! கெடச்சிருச்சுங்க. ஷ்ரேயாஸ்னு ஒரு சார் வந்துட்டிருக்காரு. அவங்கம்மாதான் பேசுனாங்க, தங்கமான மனுசி. மத்தியானம் மரகதத்துக்கு ஆபரேசன். எம் பொண்டாட்டிங்க. ரத்தம் வந்தாத்தான் உள்ள கொண்டுபோவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சார் எங்க வந்துட்டிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? கேட் கிட்டயே நிக்கிறேன்."

இளவேனில் பத்ரிநாத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் வர மாட்டார் அண்ணா."

"இல்லீங்க, அவங்கம்மா சொன்னாங்களே?"

"வர மாட்டார். தப்பு எங்களுது. வேற ஆளை இப்பவே அனுப்பறோம். போனை வெச்சிராதீங்க."

கேரல் அதற்குள் இன்னொரு போனை எடுத்து டேட்டாபேஸில் நிஜமாகவே இருக்கிறவர்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் எடுக்கவே இல்லை. "எடுடா, எடுடா சாமி" என்று அவள் முணுமுணுப்பது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. கடைசியில் காக்ஸ் டவுனில் இருக்கும் டிரேவர் என்ற பையன் எடுத்தான். கேரல் அவனிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள், "ஓடு" என்றாள்.

"கெளம்பிட்டான்!" என்று கத்தினாள்.

இளவேனில் அதைப் போனில் சொன்னாள். "இவராச்சும் வருவாருங்களா?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி. அந்த 'ஆச்சும்' அவளை அறைந்த மாதிரி இருந்தது.

"வருவார் அண்ணா" என்றாள்.

போனை வைத்ததும், சர்வர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாள். பத்ரிநாத் அவள் பின்னால் வந்து நின்றார்.

"என்னதான் ஆச்சுன்னு சொல்லும்மா."

"தேடுற சர்வர் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைப் போய்ப் பார்க்காது சார். எல்லாப் பேரையும் மொத்தமா வாரி ஒரு பெரிய இன்டெக்ஸா செஞ்சு வெச்சுக்கும். அதை எப்பவாவதுதான் திரும்பச் செய்வோம், ரொம்ப நேரம் இழுக்கும். நடுவுல புதுசா வர்றவங்க சின்ன இன்டெக்ஸ் ஒண்ணுல சேர்வாங்க. எடுத்துட்ட பேரைக் காட்டாதேன்னு சொல்றதுக்கு இந்த ஃபைல்ல தனியா ஒரு வரி எழுதணும்."

"எழுதலையா?"

"எழுதினேன் சார்." விரலால் தொட்டுக் காட்டினாள். வரி இருந்தது. முன்னால் ஒரு ஹாஷ் குறி. அந்தக் குறி இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும்.

நடந்தது இவ்வளவுதான். பழைய மளிகைக் கம்பெனியில் எழுதிய ஃபைலையே எடுத்து வந்து இங்கே ஒட்டவைத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், யார் முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? அங்கே சாமான் தீர்ந்தால் பெயரை நீக்க மாட்டார்கள், இருப்பு இல்லை என்று போடுவதோடு சரி. அதனால் நீக்கிய பெயருக்கான வரி அந்த ஃபைலில் கிடையாது. இங்கே புதிதாக எழுதிச் சேர்த்தாள். திறப்பு விழா நாளில் அந்த வரி ஏதோ எரர் காட்டி சர்வரை எழும்பவிடாமல் செய்தது. வாசலில் விருந்தாளிகள், தலைக்கு மேல் அறக்கட்டளைத் தலைவரின் அதட்டல். ஒரு ஹாஷைத் தட்டி வரியின் வாயை அடைத்தாள். சர்வர் எழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

"எம் மேலதான் சார் தப்பு" என்றாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, இப்ப எடு" என்றார்.

ஹாஷை அழித்தாள். அன்றைக்கு வந்த அதே எரர் வந்தது: நீக்கியவர்களின் எண்களை எடுக்கும் இடத்தின் பெயரைத் தப்பாகக் கொடுத்திருந்தாள். சனியன், ஐந்து நிமிஷ வேலை! இதற்காகவா இவ்வளவும்? திருத்தினாள். சின்ன இன்டெக்ஸை மறுபடி செய்யவிட்டாள். சர்வரை நிறுத்திக் கிளப்பினாள், கிளம்பவில்லை. அவசரத்தில் எங்கோ ஒரு அடைப்புக்குறியை விழுங்கியிருந்தாள். கால் மேஜைக்கடியில் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது. குறியைப் போட்டுத் திரும்பக் கிளப்பினாள். இந்தத் தடவை எழுந்தது.

கேரலின் போன் அடித்தது. அவள் கேட்டாள், தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிரேவர் அங்க போய்ச் சேர்ந்துட்டான். பிளட் பேங்க் உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம்."

"அப்பாடா" என்றார் பத்ரிநாத். வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். "பாவம், அந்த மனுஷன். நன்னா இருக்கட்டும்."

இளவேனில் தேடல் பெட்டியில் ஷ்ரேயாஸ் என்று அடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'நீங்கள் தேடிய பெயரில் யாரும் இல்லை.' அந்த வாக்கியத்தையும் அவள்தான் எழுதிவைத்திருந்தாள்.

"போயிடுச்சு சார். இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நல்லது." அவர் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். பிடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திரும்பி வந்தார்.

"இன்னொரு தரம் போட்டுப் பாரும்மா."

அடித்தாள். யாரும் இல்லை.

"முழுப் பேரா போடேன். ஷ்ரேயாஸ் பத்ரிநாத்னு."

அடித்தாள். யாரும் இல்லை.

"வீணாவைச் சொன்னேனே ஒழிய," என்றார், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நானும் தினம் காத்தால எழுந்தவுடனே அவன் பேரைப் போட்டுத் தேடுவேன். வருவான். முதல் பேரா வருவான். எடுக்கணும்னு உங்களண்ட வந்து சத்தம் போடுவேன், ஆத்துக்குப் போய் இருக்கானான்னு பார்ப்பேன்."

இளவேனிலால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"போன் நம்பர் போட்டா வருமா?"

வராது என்று அவளுக்குத் தெரியும். "சொல்லுங்க சார்" என்றாள்.

அவர் தன் வீட்டு நம்பரை ஒவ்வொரு எண்ணாக, அவசரப்படாமல் சொல்ல ஆரம்பித்தார். அவள் அடித்துக்கொண்டே வந்தாள்.