முழங்காலில் ஒரு கோள்சொல்லி

எங்கள் வீட்டு மருமகள் செய்த கருவியை வெளியாள் ஒருவர் குறை சொல்ல, நான் உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை அந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும்.

என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தினமும் முழங்காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கண்காணிக்கும் கருவி கடையில் யானை விலை. எலெக்ட்ரானிக்ஸ் படித்த மருமகள், சாப்பாட்டு மேசையையே பட்டறையாக்கிவிட்டாள். நகமளவில் இரண்டு சென்சார்கள். ஒன்று முழங்காலுக்கு மேலே, ஒன்று கீழே. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தை வைத்துக் கால் எவ்வளவு மடங்குகிறது என்று கண்டுபிடிக்கும். மாத்திரை டப்பாக்கள்தான் உறை. என் டிராக் பேண்டின் இடுப்பு எலாஸ்டிக்தான் பட்டை. என்னிடம் அனுமதி கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மொத்தச் செலவு ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான்.

அந்தக் கணக்கு நேராக, பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாளின் போனுக்குப் போய்விடும்.

"கோள்சொல்லி! இது என் கால்ல ஏறக்கூடாது" என்றாள் என் மனைவி.

"அத்தை, மேடம் வெள்ளிக்கிழமை வர்றாங்க. சரியா இருந்தா அவங்க கிளினிக்ல எல்லாருக்கும் இதையே வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் கட்டிக்குங்க, ப்ளீஸ்."

"நீ சொல்லி நான் கேக்காம இருப்பேனா?" என்றவள், மருமகள் வாசல் தாண்டியதும் அதைக் கழற்றித் தலையணைக்கடியில் தள்ளிவிட்டு டிவி பார்த்தாள்.

மறுநாள் மருமகளின் முகம் தொங்கிவிட்டது. "மேடம் போனுக்கு ஒண்ணுமே போகலையாம், மாமா."

எங்கள் குடும்பத்துக்கு இப்படியொரு பூஜ்யமா? மதியம் மனைவி கண்ணயர்ந்ததும் டப்பாக்களை உருவிக்கொண்டு மாடியறைக்குப் போய்த் தாழிட்டேன். என் காலில் கட்டி, மூச்சு வாங்க வாங்க மடக்கி நீட்டினேன். கத்தி படாத கால். அறுத்துத் தைத்த காலைவிட நன்றாகத்தானே மடங்கும்? தினமும் செய்தேன். கருவி தலையணைக்கடியிலிருந்து போவதும் வருவதும் யாருக்கும் தெரியாது.

"மேடம் டேட்டா வருதுன்னாங்க, அத்தை!" என்றாள் மருமகள்.

"பின்னே?" என்று என் மனைவி கூச்சமில்லாமல் பெருமையை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிசியோ அம்மாள் வந்தார். போனைப் பார்த்த முகம் சரியில்லை.

"உங்க முட்டி சரியா மடங்கவே இல்லையேம்மா. உள்ள ஏதோ இறுகிப்போயிருக்கு. மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவியின் காலைப் பிடித்து மடக்கினார். கால் வெண்ணெய்போல மடங்கியது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தினமும் பயிற்சி செய்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது! வேவு பார்ப்பதுதான் பிடிக்காதாம்.

பிசியோ அம்மாள் மருமகளைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா இது இல்லாததைக் காட்டுது. இதை நம்பி நான் எப்படி ஒரு பேஷண்ட்டுக்குக் கட்டுவேன்?"

மருமகளின் கண் கலங்கியது. மனைவிக்கும் மனசு கேட்கவில்லை. "அவமேல தப்பில்லைங்க. நான் அதைக் கட்டவேயில்லை. தலையணைக்கடியிலதான் கெடந்துச்சு."

"அப்ப இன்னும் மோசம். சும்மா கெடந்தப்பவே முட்டி மடங்குதுன்னு கணக்கு அனுப்பியிருக்கு!"

மருமகள் டப்பாக்களைத் துணிப்பையில் போட ஆரம்பித்தாள். நான் வாய் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் அவளுடைய உழைப்பே போகும். நான் எழுந்து நின்றேன்.

"கருவி பொய் சொல்லவில்லை. அது என் கால்."



"எந்தக் காலு?" என்றாள் மனைவி.

"வலது."

"உக்காருங்க சார்" என்றார் பிசியோ அம்மாள். கோணம் அளக்கும் அளவுகோலை என் முட்டியில் வைத்து மடக்கினார். துருப்பிடித்த கேட் திறப்பதுபோல ஒரு சத்தம். அளவுகோலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி மடக்கினார்.

"அப்படியே பொருந்துது! யாரு காலுன்னுதான் அதுக்குத் தெரியலை, மத்தபடி அச்சு அசல்." மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை கிளினிக்குக்கு வாங்க. எத்தனை செய்ய முடியும்னு பேசுவோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், ஆபரேஷன் பண்ணின காலைவிட உங்க கால் மோசம். நீங்கதான் பேஷண்ட்டு."

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டிலிலிருந்து கைத்தடியில்லாமல் எழுந்து வந்து, பையிலிருந்த டப்பாக்களை எடுத்துத் தன் கையாலேயே என் காலில் இறுக்கிக் கட்டினாள்.

"எதிர்வீட்டுக்காரன் பார்ப்பான். ஜன்னலையாவது சாத்து" என்றேன்.

அவள் போய் ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். "காத்து வரட்டும். ம், மடக்குங்க!"