தொய்வாக விட்ட ஒயர்கள்

ரெனாட்டோ மாமா மீன்தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு துழாவினார். நாலடி தள்ளிச் சவப்பெட்டியில் மரிவிக்கின் அப்பா கிறிசாந்தோ கிடந்தார். நேற்றுக் காலை இதே அலமாரிக்குள் கையை விட்டு மின்சாரம் தாக்கிச் செத்தவர். பிறகு பம்பைப் போட யாருக்கும் தைரியம் வரவில்லை. தொட்டியில் அவர் பிள்ளைபோல் வளர்த்த பவள உயிர்கள் சுருங்கிக்கொண்டிருந்தன.

ஊர் வழக்கப்படி பிணத்துக்குக் காவலாகக் கண்விழித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த உறவுக்கூட்டம் கையை நிறுத்தி வேடிக்கை பார்த்தது.

"ஒயரெல்லாம் என்ன அழகா கட்டியிருக்கு!" மாமா வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். செபூ துறைமுகத்தில் முப்பது வருஷம் மின்வேலை பார்த்தவர். "அந்த அழகுதான் ஆளைக் கொன்னுருக்கு. உப்புத்தண்ணி ஒயர் மேலயே வழிஞ்சு வரும். அதுக்குத்தான் ஒயரைத் தொய்வா விட்டு, அப்புறம் மேல ஏத்திச் சொருகணும். தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிரும். மச்சான் அப்படித்தான் விட்டிருந்தாரு. யாரோ இழுத்துக் கட்டிட்டாங்க. தண்ணி நேரா பிளக்குக்குள்ள போயிருச்சு."

மரிவிக்குக்கு அழுகைக்கு முன்னால் பயம் வந்தது.

அப்பா தொங்கவிட்டிருந்த அந்த ஒயர் இடியாப்பச் சிக்கலை அம்மா அவுரேலியா கரித்துக்கொட்டாத நாளில்லை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மரிவிக், ஞாயிற்றுக்கிழமை அப்பா சர்ச்சுக்குப் பூசைக்குப் போன நேரம் பார்த்து, அவருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒழுங்குபடுத்த அலமாரிக்குள் புகுந்தாள். பம்பு, ஹீட்டர், விளக்கு எல்லா ஒயரையும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகளால் விறைப்பாகக் கட்டி, பட்டைகளின் மிச்ச நுனிகளை நறுக்கிப் போட்டாள். மறுநாள் கதவைத் திறந்த அப்பா பதறிப்போய் அவிழ்க்கக் கையை விட்டிருக்க வேண்டும். மகளைத் திட்ட வாய்திறக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"யார் கட்டினது?" அம்மா கேட்டாள். கேட்டது வேலைக்காரி நெனிதாவைப் பார்த்து. "உள்ள துடைக்கச் சொன்னேனே, நீதானே?"

"துடைக்க மட்டுந்தான் செஞ்சேன் மேடம். ஒயரைத் தொடல. கத்தரிக்கோல் கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன்." நெனிதா மரிவிக் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே சொல்லுங்கக்கா."

எல்லாக் கண்களும் மரிவிக்மேல் திரும்பின.

"அலமாரியத் திறந்தியா இல்லையா, நெனிதா?" என்றாள் மரிவிக்.

அது பொய்கூட இல்லை. துடைக்க நெனிதா திறந்தாள்தான்.

"முழியப் பாரு, திருட்டு முழி," என்றாள் சீட்டை விசிறியாக வைத்திருந்த ஒருத்தி. "சோறு போட்ட வீட்டுக்கே உலை வச்சிட்டியேடி!"

"போலீசுக்குச் சொல்லாம விடுறோமேன்னு சந்தோஷப்படு," என்றார் மாமா.

நெனிதா பையைக் கட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சவப்பெட்டியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும் சார்," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். சாவு வீட்டிலிருந்து போகிறவரை வாசல்வரை வழியனுப்பக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு அது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

சீட்டாட்டம் மறுபடி தொடங்கியது. அப்போதுதான் மரிவிக் பார்த்தாள்: அலமாரியின் காலடியில் அவள் நறுக்கிய வெள்ளை நுனிகள், நகத்துண்டுகள் போல ஏழெட்டு. பொறுக்கக் குனிந்தாள்.

"விடு," என்றாள் அம்மா, நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "பொணம் இருக்கிற வீட்டைக் கூட்டக்கூடாது. அடக்கம் முடியட்டும்."

செருப்புக் காலை மெல்ல நகர்த்தி அந்தத் துண்டுகளின் மேல் வைத்துக்கொண்டாள். ஜெபமாலையில் விரல் அடுத்த மணிக்குப் போயிற்று.