எழுதுவதற்கு முன்பே வந்த அறிக்கைகள்

1

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. பராகுவேயில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கப்படவில்லை. ஆண்டுதோறும் அந்த மாதத்தில் தள்ளி வைக்கும் வழக்கத்தை, முந்தைய அக்டோபரில் வந்த சட்டம் நிறுத்திவிட்டது.

பழைய கைபேசிகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவை வழக்கம்போல் தாமாகவே பின்னால் போயின. இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். அசுன்சியோனில் நான் பயனர் கையேடு எழுதும் அலுவலகத்தில், மறுவாரம் நடந்ததைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தேன். பார்க்காததைக் கேட்டு அறிந்தேன். சிலவற்றை இட்டுக்கட்டினேன், எவை என்று சொல்லப்போவதில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "சுனில்டா திரையை வெறித்துப் பார்த்தாள். அவள் கண்களில் ஒரு"

[வாக்கியம் இங்கே விழுந்தது. நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் திரையைத்தான் வெறித்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் இந்த வாக்கியத்தை அழிக்க மாட்டேன். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.]

2

கிராமத்துச் சுகாதார நிலையங்கள் மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ் அழைக்க ஒரு செயலி. அதைச் செய்து பராமரிப்பது எங்கள் அலுவலகம். செயலி பாதியில் விழுந்தால் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்: எந்தக் கைபேசி, எத்தனை மணி, நிரலின் எந்த வரி, விழுமுன் எந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டன. அறிக்கைகள் குறைந்தால் சுவரில் மாட்டிய பலகை பச்சையாக ஒளிரும்.

காலை இடைவேளையில் தெரெரே என்னும் குளிர்ந்த இலைப் பானம் நிரப்பிய கொம்புக் குவளை கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. குழுத்தலைவன் டெர்லிஸ் பலகையைக் காட்டினான்.

"பாருங்கப்பா, ஒரு வாரமா பச்சை. வீட்ல கல்யாண ஃபோட்டோவைக் கழட்டிட்டு இதை மாட்டப்போறேன்."

"மாட்டு. உன் பொண்டாட்டி உன்னையும் பக்கத்துலயே மாட்டுவா," என்றாள் செயலியின் நிரல் எழுதும் சுனில்டா. "ஆமா, சான் பெத்ரோ கிராமங்கள் பக்கமிருந்து ஒரு ரிப்போர்ட்கூட இல்லையே, ஏன்?"

"இல்லைன்னா நல்லதுதானே?"

"அங்க இருக்கிறது எல்லாம் கிழட்டு ஃபோன். நல்ல நாள்லயே ரெண்டு மூணு விழும். முனகிட்டே இருந்த நோயாளி திடீர்னு சத்தத்தை நிறுத்திட்டா, குணமாயிட்டான்னு விட்டுட்டுப் போயிடுவியா?"

"காலைலயே ஆரம்பிச்சுட்டா."

சுனில்டா குவளையைத் திருப்பிக் கொடுத்து "நன்றி" என்றாள். தெரெரே வட்டத்தில் நன்றி சொன்னால் 'எனக்குப் போதும்' என்று பொருள். முதல் சுற்றே முடிந்திருக்கவில்லை. மேசைக்குத் திரும்பிப் போன அவள் முதுகையே டெர்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

வந்துசேர்ந்த நேரத்தைவிட எழுதப்பட்ட நேரம் பிந்தியதாக இருந்தால், அந்த அறிக்கை குப்பை: இப்படி ஒரு வடிகட்டி அலுவலகத்தில் உண்டு. அதை எழுதியவன் டெர்லிஸ்.

["டெர்லிஸ் ஒரு சோம்பேறி, தன் பலகை பச்சையாக இருந்தால்" என்று தொடங்கிய பத்தியும் விழுந்தது. அவனை அப்படி ஆக்கினால் கதை சுலபமாகிவிடும், பொய்யுமாகிவிடும். ஏழு மணிக்கு எழுதிய கடிதம் ஆறு மணிக்கே வந்தால் யார்தான் நம்புவார்கள்? எழுதிய நாளில் அது நல்ல விதி.]

சுனில்டா குப்பையைத் திறந்தாள். நிரம்பிக் கிடந்தது. எல்லாம் சான் பெத்ரோ பக்கத்துக் கைபேசிகள். எல்லாவற்றிலும் எழுதப்பட்ட நேரம், வந்துசேர்ந்த நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தது. எல்லாம் விழுந்தது ஒரே வரியில்: மருத்துவமனைக் கணினியின் நேரத்திலிருந்து, பொத்தான் அழுத்திய நேரத்தைக் கழிக்கும் இடம். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் என்ன செய்வது என்று செயலிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசி அறிக்கையைப் படித்தாள். திறந்தது. ஆம்புலன்ஸ். விழுந்தது. திறந்தது. ஆம்புலன்ஸ். விழுந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொன்று வந்து சேர்ந்தது.

"டெர்லிஸ், இங்க வா. யாரோ இப்பக் கூப்பிட்டுட்டு இருக்காங்க."

4

சுனில்டா அந்த அறிக்கை வந்த சுகாதார நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். எடுத்தவர் நின்ஃபா, அங்கிருக்கும் ஒரே செவிலியர்.

"ஆப் ஆபீஸா? நல்லா இருப்பீங்க. தலைப்பிரசவத்துக்கு வந்தவ ஒருத்தி படுத்திருக்கா, பிரஷர் ஏறிக்கிட்டே போவுது. உங்க ஆப்பைத் தொட்டாலே செத்துப்போவுது. ஆஸ்பத்திரில ஃபோனை எவனும் எடுக்கல. எல்லாம் ஆப்புலதானாம்."

"அக்கா, ஒரே கேள்வி. ஃபோன்ல நேரத்தை நீங்களா மாத்துனீங்களா?"

"மாத்துனேன். அதுவா ஒரு மணி நேரம் பின்னால போயிருச்சு, கையால சரி பண்ணேன். தப்பா?"

"சரியாத்தான் பண்ணீங்க. இப்ப அதைத் திரும்பத் தப்பாக்குங்க. செட்டிங்ஸ்ல நேரம் 'ஆட்டோமேட்டிக்'னு இருக்கும், அதைப் போடுங்க."

"சரியான நேரம் வெச்சா விழும், தப்பான நேரம் வெச்சா ஓடுமா? என்னடி ஆப்பு இது?"

"ஃபோன் உள்ளுக்குள்ள இன்னும் பழைய சட்டப்படிதான் கணக்குப் போடுது, நீங்க கையால ஒரு மணி கூட்டுனா எங்களுக்கு வர்ற நேரமும் ஒரு மணி கூடிடுது. திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்க்கா. இப்பப் பட்டனை அழுத்துங்க."

மறுமுனையில் ஒரு பெண்ணின் முனகல் மட்டும் கேட்டது. டெர்லிஸ் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தான்.

"சுத்துது," என்றார் நின்ஃபா. "சுத்துது... வண்டி கிளம்புதுன்னு வருது."

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

"ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது என்று தெரிந்ததும் அலுவலகமே எழுந்து நின்று கை"

"மழையில் ஊறிய செம்மண் சாலையில் வண்டியின் சக்கரம்"

[இரண்டும் விழுந்தன. ஒருவரும் கை தட்டவில்லை. அன்று மழையும் இல்லை.]

வண்டி போனது. அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனையில் அறுவை செய்து பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். நின்ஃபா இதைக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, செயலியில் எழுத்து எறும்பளவு இருக்கிறது என்று அடுத்த புகாரையும் சேர்த்திருந்தார்.

நான் சொல்ல முடியாத முடிவு வேறு. குப்பையில் இன்னும் சில நிலையங்களின் அறிக்கைகள் இருந்தன. திறந்தது, ஆம்புலன்ஸ், விழுந்தது. சில தடவைகளுக்குப் பிறகு அழுத்தியவர் நிறுத்திவிட்டார். சுனில்டா அன்று பிற்பகல் ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டாள். மாட்டு வண்டியில் ஏற்றினோம் என்றார் ஒருவர். லாரியை மறித்தோம் என்றார் இன்னொருவர். ஓர் இடத்தில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்களுக்குப் பிடித்தபடி எழுதிக்கொள்ளலாம். பொருந்தவில்லை என்று தூக்கிப் போட்டுவிட மட்டும் வேண்டாம்.

செயலியைத் திருத்தும்போது டெர்லிஸ் சொன்னான்: "விடை பூஜ்யத்துக்குக் கீழ போனா, பூஜ்யம்னே வெச்சு ஓட விட்ருவோம். விழவே விழாது."

"ஓடட்டும். வண்டி போகணும், அதுதான் முக்கியம்," என்றாள் சுனில்டா. "ஆனா ரிப்போர்ட்டும் வரணும். விழாம இருக்கிறது வேற, விழுந்தது தெரியாம இருக்கிறது வேற."

"பலகை நாறிடும், தெரியுமில்ல?"

"நாறட்டும்."

புதன்கிழமை புதிய பதிப்பு வெளியானது. டெர்லிஸ் தன் கையாலேயே வடிகட்டியை எடுத்தான். மாலைக்குள் பலகை சிவப்பானது. அது இன்னும் அதே சுவரில் இருக்கிறது.