பஃபரிங் சாரும் நாலு மடங்கு பூமியும்

இயற்பியல் ஆசிரியர் வகுப்பில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடிவதற்குள் முன்வரிசைப் பையன்களுக்கு மீசை முளைத்துவிடும் என்று பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அரும்புதான் முளைக்கும்.

“ஒளியானது...” என்று சொல்லிவிட்டு அவர் கூரையைப் பார்ப்பார். அடுத்த சொல் அங்கே மின்விசிறியில் மாட்டிக்கொண்டிருப்பது போலவும், அதுவாக இறங்கி வரட்டும், நமக்கென்ன அவசரம் என்பது போலவும் காத்திருப்பார். போனில் படம் ஓடாமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்குமே, அதே நிலை. அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பஃபரிங் சார். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவரே ஒருநாள் மனைவியிடம் சொன்னார். சொல்லத் தொடங்கியபோது மனைவி துணி ஊறவைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தபோது காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் தலைமையாசிரியை ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். திரும்பி வரும்போது டிஜிட்டல் பித்து பிடித்து வந்தார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து, பச்சைத் துணி கட்டி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, வாசலில் ‘ஸ்டுடியோ’ என்று பலகை மாட்டினார். அந்த அட்டைகளைக் காலி செய்வதற்காக ஆசிரியர்கள் மொத்தப் பேரும் ஒரு மாதம் முட்டையாகத் தின்றார்கள். கணக்கு ஆசிரியர் கொக்கரித்ததாகவே சொல்கிறார்கள்.

ஸ்டுடியோ தயாரானதும் தலைமையாசிரியை இயற்பியலையும் வேதியியலையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரே ஆள்தான். ஆளுக்கு ஒரு வீடியோ எடுங்க. எதைப் பார்த்துப் பிள்ளைங்க நல்லாக் கத்துக்கறாங்களோ, அவங்களுக்கு ஒன்பது. மத்தவங்களுக்கு ஆறு. ஆறோட சேர்த்து பஸ் டியூட்டியும் உண்டு.”

ஆறாம் வகுப்பு என்றால் வேறொன்றுமில்லை. பல் விழும், மூக்கு ஒழுகும், பஸ்ஸில் காலையில் தின்றது வெளியே வரும். அதைக்கூட இயற்பியல் பொறுத்துக்கொள்வார். ஒன்பதை விடத்தான் மனசு வரவில்லை. ஒன்பதில்தான் ஊசல் வரும். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு கடிகாரம். இவ்வளவுதான் சாமான்; இதை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று ஒரு பிள்ளை உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை. விடை புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நூல் அறுந்து குண்டு பீரோவுக்கு அடியில் உருண்டு போன பிறகும் சரியான விடை சொன்ன குழு ஒன்று உண்டு. கண்ணால் கண்டதைச் சொல்லும் ஒரு வகுப்பையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

வேதியியல் ஆசிரியரின் பட்டப்பெயர் டிரெய்லர். இரண்டே நாளில் வீடியோவை முடித்துவிட்டார். புகை, நுரை, முழக்கும் இசை, நடுவில் நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெல்லத் திரும்பிப் பார்க்கும் அவர்.

இயற்பியலுக்குக் கேமரா பிடித்தது மனைவியின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். கை அப்படியே பழகிப்போயிருந்தது.

“அத்தான், குண்டு வலது பக்கம் போறப்ப லேசா வெக்கப்பட்டுச் சிரிங்க.”

“எதுக்குப்பா...?”

“பழக்கத்துல வாயில வந்துடுச்சு, விடுங்க. ஊசலைச் சுத்தி இதய வடிவத்துல ஒரு பார்டர் போட்டுடவா?”

“டேய், அது ஊசல்டா, மாப்பிள்ளை இல்ல,” என்றார் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா.

எடுத்து முடித்ததைப் போட்டுப் பார்த்த தம்பி தலையைச் சொறிந்தார். “நாப்பது நிமிஷம் வந்திருக்கு. நீங்க கூரையைப் பார்க்கற இடத்தையெல்லாம் வெட்டிட்டா மூணு நிமிஷம்தான் தேறும். வெட்டட்டுமா?”

“வேண்டாம். பிள்ளைங்களுக்கு யோசிக்க... நேரம் வேணும்ல.”

“அதுக்குள்ள கல்லூரியே முடிச்சிடுவாங்க அத்தான்.”

வெட்டவில்லை. வீடியோவின் கடைசியில் இயற்பியல் ஆசிரியர் கேமராவைப் பார்த்துக் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: “புத்தகத்தை மூடிடுங்க. திரையில ஓடற நேரத்தையும் பார்க்காதீங்க. கையில ஒரு கடிகாரம் வச்சுக்கிட்டு, குண்டு பத்து தடவை போய்த் திரும்ப எத்தனை விநாடி ஆகுதுன்னு நீங்களே எண்ணுங்க. உங்க கண்ணு என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு வேணும்.”

இரண்டு வீடியோக்களும் பிள்ளைகளின் வீட்டுப் போன்களுக்கும் தலைமையாசிரியையின் போனுக்கும் போயின. ஒரு வாரம் கழித்துப் பரீட்சை நாள் வந்தது. தலைமையாசிரியை நாற்காலி போட்டு வகுப்பில் உட்கார்ந்தார். பக்கத்தில் டிரெய்லர் சென்ட் வாசனையோடு நின்றார். முதலில் அவருடைய வீடியோவைப் பற்றிக் கேள்வி.

“என்னம்மா ஞாபகம் இருக்கு?”

“சார் நீலக் கண்ணாடி போட்டிருந்தார் மேடம்.”

“நுரை எப்படி வந்தது?”

“இசை வந்ததும் வந்தது மேடம்.”

டிரெய்லர் இருமினார். “ஆர்வத்தைத் தூண்டறதுதான் முதல் படி,” என்றார்.

அடுத்தது ஊசல். பத்து தடவைக்கு எத்தனை விநாடி என்று கேட்டதும் முதல் பெண் எழுந்து “பத்து மேடம்” என்றாள். அடுத்தவனும் பத்து. அதற்கடுத்தவள் பத்து. ஜன்னலோரம் ஒருவன் பதிமூன்று என்றான். அவன் பக்கத்தில் பதினாறு. பிறகு மறுபடியும் பத்து, பத்து, பத்து என்று வகுப்பே ஏலம் விட்டது.

தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவர் வரலாறு படித்தவர். “எனக்கும் பத்துதான் வந்தது சார். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு விநாடி விடாம உட்கார்ந்து பார்த்தேன், தெரியுமா?”

டிரெய்லர் சிரித்த சிரிப்பில் மேசை அதிர்ந்தது. “மேடம், அந்த நூல் ஒரு மீட்டர். இருபது விநாடி ஆகணும். பத்துதான்னா பூமி இப்ப இழுக்கறதைவிட நாலு மடங்கு இழுக்கணும். இவர் வகுப்புல பிள்ளைங்க புத்தகப் பையைத் தூக்கக் கிரேன்தான் வரணும்.”

தலைமையாசிரியையின் பூரிப்பு அப்படியே வடிந்தது. “அப்ப வீடியோவே தப்பா? பிள்ளைங்க எல்லாருக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”

இயற்பியல் ஆசிரியர் கூரையைப் பார்த்தார். வட்டம் சுற்றியது. நூலை அவரே மூன்று முறை அளந்திருந்தார். குண்டு சரி, கேமரா சரி. பின்னே பூமியா தப்பு? ஆறாம் வகுப்பின் மூக்குகள் வரிசையாக அவர் கண்முன் வந்து நின்றன. பஸ்ஸின் ஹாரன்கூடக் கேட்டது.

“சார்,” என்று கடைசி பெஞ்சிலிருந்து உயரமான பெண் ஒருத்தி எழுந்தாள். “எனக்கு இருபது வந்தது.”

“புத்தகத்தைப் பார்த்திருப்பா,” என்றார் டிரெய்லர்.

“இல்ல சார். எங்கம்மா போன் பழசு. வேகத்தைக் கூட்டினா சூடாகி அணைஞ்சிடும். அதனால நான்...” அவள் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “நான் முழுசாப் பார்த்தேன் சார்.”

போர்முனையிலிருந்து திரும்பியவளைப் பார்ப்பது போல இரண்டொருவர் அவளைப் பார்த்தார்கள். மற்றவர்கள் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பது போல முறைத்தார்கள்.

“வேகத்தை... கூட்டினாவா?” என்றார் ஆசிரியர்.

வட்டம் நின்றது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அவர் வேகமாக நடந்தார். சாக்பீஸ் டப்பா பறந்தது. ஜன்னலோரப் பையன் முன்னால் போய் நின்றார்.

“நீ என்ன சொன்னே, பதிமூணா? நீ என்னை ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டியிருக்கே.”

பையனின் வாய் பிளந்தது. “சார், உங்களுக்கு எப்படி...”

“நீ பதினாறு. ஒண்ணேகால் மடங்கு. பொறுமைசாலி, நல்லா இருப்பே. பத்து சொன்னவங்க எல்லாரும் ரெண்டு மடங்கு. அதைவிடக் கூட்ட அதுல பொத்தான் இல்ல, அதனால தப்பிச்சேன்.”

வகுப்பு ஜோசியக்காரரிடம் மாட்டிய கூட்டம் போல உறைந்தது. முதல் பெண் மட்டும் தைரியமாகச் சொன்னாள்: “ரெண்டு மடங்குல வச்சாத்தான் சார் நீங்க மனுஷங்க மாதிரி பேசறீங்க.”

பிறகுதான் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. தலைமையாசிரியை சொன்னதும் பத்து.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். “எனக்கு ஆயிரம் வேலை இருக்கு,” என்றார் கடைசியில். “ரெண்டு மடங்குல ஓட்டியும் நடுவுல ரெண்டு தூக்கம் போட்டேன். அதை முதல்ல கேளுங்க சார்.”

இயற்பியல் ஆசிரியர் அதைக் கேட்கும் நிலையிலேயே இல்லை. “மேடம், புத்தகத்துல இருபதுன்னு கொட்டை எழுத்துல இருக்கு. அதைப் பார்த்துச் சொல்லியிருந்தா எல்லாருக்கும் முழு மார்க். யாரும் பார்க்கல. கண்ணு பத்துன்னு சொன்னா பத்து, பதிமூணுன்னா பதிமூணு. முப்பது வருஷமா இதுக்குத்தான் மேடம் தவம் கிடக்கேன்.” ஒரு இடத்தில்கூட நிற்காமல் சொல்லி முடித்தார். யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள்.

“அது சரி,” என்றார் தலைமையாசிரியை. சங்கடத்தில் அவருக்குக் கறார் கூடியிருந்தது. “இவங்க கத்துக்கிட்டது உங்களை வேகமா ஓட்டறதுக்குத்தானே? அதுக்கு ஒன்பதைக் குடுக்க முடியுமா?”

பதில் சொல்ல அவர் கூரையைத் தேடியபோது, பதிமூன்று குறுக்கே புகுந்தது.

“சார், வேகமா ஓட்டினா பூமி அதிகமா இழுக்கற மாதிரி தெரியுது. அப்ப மெதுவா ஓட்டினா?”

“நீயே சொல்லு.”

“கம்மியா இழுக்கும். பாதி வேகத்துல வச்சா...” அவன் விரலை மடக்கினான். “இழுக்கறது கால்வாசி.”

“நிலா எவ்வளவு சார்?” என்றாள் முதல் பெண்.

“ஆறுல ஒரு பங்கு.”

அவ்வளவுதான். எந்த வேகத்தில் ஓட்டினால் பூமி நிலாவாகும் என்று வகுப்பு குப்புற விழுந்து கணக்குப் போட்டது. முன்பு ஒரு கூட்டலுக்கே வயிற்றுவலி வந்தவர்களெல்லாம் அடித்துத் திருத்தினார்கள், பக்கத்தில் இருந்தவனோடு மல்லுக்கு நின்றார்கள். உயரமான பெண்தான் முதலில் தலையைத் தூக்கினாள். “பாதிக்கும் கொஞ்சம் கம்மி சார். நூத்துக்கு நாப்பது.”

“சரியா வருதான்னு வீடியோ எடுத்துப் பார்த்திடலாமே,” என்றார் ஆசிரியர். “யாராவது எங்கிருந்தாவது குதிக்கணும்.”

நானே குதிக்கிறேன் என்று டிரெய்லர் முன்வந்தார். ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவர் தலை வாரவும் நின்றுவிட்டார். காத்துக் காத்துப் பார்த்த தலைமையாசிரியை, “இதுக்கு ஒரு ஆளா,” என்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மைதானத்து மேடையின் முதல் படியில் ஏறி நின்றார். குதித்தார். மைதானத்தில் கிளம்பிய புழுதி பக்கத்துத் தெருவரைக்கும் போனது.

ஸ்டுடியோவில், முட்டை அட்டைகளுக்கு நடுவில், வேகத்தை நாற்பதுக்குக் குறைத்துத் திரையில் ஓட்டினார்கள். தலைமையாசிரியை படியிலிருந்து மெல்ல எழும்பினார். உடை பூப்போல விரிந்தது, கைகள் சிறகாகின. இறங்கி வரும் எண்ணமே இல்லாதவர் போல மிதந்து, கடைசியில் போனால் போகிறது என்று தரையைத் தொட்டார்.

“இன்னொரு தடவை போடுங்க,” என்றார் தலைமையாசிரியை. போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். பிறகு அவர் இயற்பியல் ஆசிரியர் பக்கம் சாய்ந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“சார், நிலாவுல என் எடையும் ஆறுல ஒரு பங்குதானா?”

“ஆமா மேடம்.”

தலைமையாசிரியை மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். வந்த விடை அவருக்கு வெகுவாகப் பிடித்துப்போனது.

“ஒன்பது உங்களுக்குத்தான் சார்,” என்றார். “ஆனா இந்தப் பாடத்தை வருஷா வருஷம் எடுக்கணும். குதிக்க என்னைத்தான் கூப்பிடணும்.”