ஒரு விரல் நிழல்

எங்க மடுல்சீமை தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு கரண்ட் கொண்டு வந்த கம்பம் மண்சரிவுல போய் இருபத்திரண்டு நாளாச்சு. வெளிச்சம் இல்லைன்னு எனக்குக் கவலை இல்லை, குப்பி லாம்பு இருக்கு. என் பொண்டாட்டி இராக்கம்மாவோட காது மெஷின்தான் கவலை. அதுக்கு தினமும் சார்ஜ் வேணும்.

இராக்கம்மா பதினெட்டு வருசம் தேயிலை பேக்டரியில உருளை ஓடுற பக்கம் வேலை செஞ்சவ. அந்தச் சத்தம் காதைத் தின்னுடுச்சு. அப்புறம் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிட்டாங்க. நான் எழுத்துப் படிச்சதே அதுக்குப் பிறகுதான், ஐம்பத்தோரு வயசுல. அவ அஞ்சாம் வகுப்பு, நான் கைநாட்டு. கத்திக் கத்தித் தொண்டை போனதுல, எழுதியாவது காட்டுவோம்னு கத்துக்கிட்டேன். எங்க ஒத்த அறை வீட்டுக் காம்பரா கதவுதான் எங்க சிலேட்டு. சாக்குக் கட்டியால "மளை"ன்னு எழுதினா, அவ ஒண்ணும் பேசாம வந்து, நடு எழுத்தை விரலால அழிச்சு, "மழை"ன்னு திருத்திட்டுப் போவா.

போன வருசம் ஆஸ்பத்திரியில மெஷின் கிடைச்சுது. காதோட வாயும் திரும்பி வந்துச்சு. காலையில ஏச்சு, சாயந்தரம் கிண்டல், வீடு நிறைஞ்சு கிடந்துச்சு. கரண்ட் போனதும் மறுபடி மௌனம். கேக்காட்டி அவ பேசமாட்டா. "என் சத்தம் எனக்கே தெரியல, பேசி என்னத்துக்கு"ன்னு ஒருதடவை சொன்னா.

அதோட நின்னாலும் பரவாயில்லை. போன வாரம் மலையில குளவிக் கூடு கலைஞ்சிருக்கு. எல்லாரும் கத்திக்கிட்டு ஓட, இவ மட்டும் தனியா நின்னு கொழுந்து கிள்ளியிருக்கா. பக்கத்து காம்பரா நேசராணிதான் திரும்பி ஓடி வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது. இவ கழுத்துல நாலு கொட்டு. மறுநாளும் கூடையைத் தூக்கிட்டா. கதவுல "போகாத"ன்னு எழுதினேன். அதுக்குக் கீழே "சோறு?"ன்னு எழுதி வச்சுட்டுக் கிளம்பிட்டா.

சனிக்கிழமை நான் பதுளைக்கு பஸ் ஏறிட்டேன். ஜுனைதீன் நானா கடையில புத்தகம் மாதிரி மடிக்கிற சோலார் பலகை ஒண்ணு காட்டினாரு.

"வீட்டுல எங்க வைப்பீங்க?"

"பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா நானா. கூரையில ஏறினா தகரம் ஒழுகும்."

"அப்ப இதுதான் சரி. வெயில் எங்கயோ அங்க தூக்கிட்டுப் போங்க. ஆனா மேல நிழல் விழக் கூடாது. ஒரு விரல் நிழல் விழுந்தாலும் இது சோம்பேறியாயிடும்."

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் இராக்கம்மா அதை சாமி படத்துக்கு முன்னால விரிச்சு வச்சா. ரேடியோவோ, குக்கரோ, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோ, புது சாமான் எது வந்தாலும் அவ செய்யிறதுதான். ரெண்டு ஏட்டுலயும் மும்மூணு சந்தனப் பொட்டு, அதுமேல குங்குமம். சூடம் காட்டி என் கையில குடுத்தா.

அடுத்த ரெண்டு நாளும் எனக்கு வேலை இல்லை, ஞாயிறும், போயான்னு பௌர்ணமி லீவும். எங்க வாசல்ல வெயில் விழுறது பத்து மணியில இருந்து ஒரு மணி வரைதான், அதுவும் தண்ணி ஓடுற கானோரமா ஒரு பாய் அகலத்துக்கு. வெயில் நகர நகர பலகையை நகர்த்தினேன். கோழியை விரட்டினேன். கொடியில கிடந்த ஊர்ப்பட்ட துணியை ஒதுக்கி பக்கத்து காம்பராக்காரங்ககிட்ட ஏச்சு வாங்கினேன். என் தலை நிழல் விழுந்துடுமோன்னு குத்த வச்சே கிடந்தேன். மெஷினை வச்சு சார்ஜ் பண்ணுற டப்பாவுல லைட் ரெண்டு தரம் சிமிட்டும், செத்துப் போகும். ரெண்டு நாளும் அதே கதி.

போயா அன்னைக்கு மதியம் நேசராணி புருசன் லூக்காஸ் எட்டிப் பாத்தான். முன்னே பேக்டரியில ஒயர் வேலை பாத்தவன்.

"என்னண்ணே, பலகைக்கு அம்மை போட்டிருக்கா?"

"பொட்டுடா அது. உங்க இராக்கு அக்கா வச்சது."

"ஒரு பொட்டு எவ்வளவு அகலம்?"

மோதிர விரலால வச்ச பொட்டு. என் விரலை அதுமேல வச்சுப் பாத்தேன். சரியா ஒரு விரல். அப்படி ஆறு. ரெண்டு நாளா நான் கோழி நிழலைத்தான் விரட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

"சிரிக்காதடா."

"எங்க வீடா இருந்தா சிலுவை போட்டிருப்போம், இதே கதிதான்" னு சொல்லிட்டு இன்னும் சிரிச்சான்.

துடைக்க ஒரு நிமிசம் போதும். ஆனா சுமங்கலி வச்ச குங்குமத்தை அவளுக்குத் தெரியாம அழிக்க எனக்குக் கை வரல. தண்ணி எடுக்கப் போனவ வந்ததும் கதவுகிட்ட கூட்டிட்டுப் போயி எழுதினேன்: "பொட்டு நிளல்."

அவ குடத்தை இறக்கினா. வந்து, "ள"வை அழிச்சு, "ழ" போட்டா. ரெண்டு அடி போனவ நின்னா. திரும்பி வந்து மறுபடி படிச்சா. பலகையைப் பாத்தா, என்னைப் பாத்தா. முகம் சுருங்கிப் போச்சு. நான் சாக்குக் கட்டியைக் கீழே வச்சேன்.

அவளே உக்காந்து முந்தானையை நனைச்சு ஆறு பொட்டையும் துடைச்சா. அப்புறம் பலகையைக் கவுத்து, குங்குமத்தைக் குழைச்சு, முதுகுப் பக்கம் நடுவுல பெருசா ஒரே ஒரு பொட்டு வச்சா. அதுக்குள்ள மூடுபனி இறங்கி வெயில் போயிருச்சு.

செவ்வாக்கிழமை எனக்குக் கவ்வாத்து வேலை. செடியை முழங்கால் ஒசரத்துக்கு மேல மொட்டையா வெட்டிப் போட்ட மலை, நிழல்னு பேருக்குக்கூட கிடையாது. பலகையை முதுகுல கட்டிக்கிட்டு, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனேன்.

"என்ன மாடசாமி, முதுகுல ஜன்னல் வச்சுட்டு வந்திருக்க?" ன்னாரு கங்காணி.

"காத்து வரட்டும்னுதாங்க."

வெட்டின மிலாறுக் குச்சி மேல பலகையை விரிச்சு வச்சு, நிரைக்கு நிரை கூடவே தூக்கிட்டுப் போனேன். இடுப்பு விட்டுப் போச்சு. ஆனா லைட் இந்தத் தரம் செத்துப் போகல. பதினொன்றரைக்கு சார்ஜ் நிறைஞ்சு நின்னு எரிஞ்சுது, பச்சையா.

சாப்பாட்டு நேரத்துல கொழுந்து மலைக்கு ஏறினேன். "இராக்கு"ன்னு பின்னால இருந்து கூப்பிட்டேன், திரும்பல. முன்னால போயி மெஷினை அவ கையில வச்சேன். காதைத் துடைச்சு மாட்டிக்கிட்டா. ஏறி வர்ற வழியெல்லாம் என்னென்னவோ சொல்லணும்னு யோசிச்சிருந்தேன்.

"கேக்குதா?" ன்னுதான் வந்துச்சு.

அவ வாயைத் திறக்கிறதுக்குள்ள மேல் நிரையில இருந்து நேசராணி கத்தினா: "அக்கா, குளவி!"

இராக்கம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நாலு செடி தாண்டி ஓடினா. மலையே சிரிச்சுது.

"சும்மா பாத்தேன்க்கா, கேக்குதான்னு!"

"அடி நாசமா போறவளே, இரு, லயத்துக்கு வா!" அப்புறம் என்னைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பாத்தா. "இது என்ன இது, முதுகெல்லாம் குங்குமம்? இருக்கிறது ரெண்டு சட்டை. பலகையைக் கட்டினா நடுவுல ஒரு சாக்குத் துணி போடத் தெரியாதா? இதை எவ தொவைக்கிறது?"

தோள்பட்டைப் பக்கமும் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. அதையும் பாத்து ஏசட்டும்னு இன்னும் கொஞ்சம் திரும்பி நின்னேன்.