தாழ்ப்பாளுக்கு வெளியே அப்புச்சி

எங்கள் அன்னூர்ப் பக்கம் விருந்தாளி உட்கார்ந்து பேசுகிற நேரத்தைவிட, "அப்ப வாரேனுங்க" என்று எழுந்த பிறகு கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசுகிற நேரம்தான் அதிகம். அதில் நான் ஒரு படி மேல். வந்தவரைத் தெருமுனைவரைக்கும் கொண்டுபோய் விட்டு, அங்கே நின்று கல்யாணம், கருமாதி, மழை எல்லாம் பேசி முடித்தால்தான் எனக்குத் தின்ற சோறு செரிக்கும். "வழியனுப்பப் போன மனுசனைத் தேடிக் கூட்டிட்டு வர இன்னொரு ஆள் வேணுமுங்க" என்பாள் என் மனைவி பாப்பாயி.

இப்பேர்ப்பட்ட நான்தான், அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் மகள் பிரவீனாவுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்கப் போனேன். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் கிருபாசங்கருக்கு நிலையத்திலேயே வேலை. என்னை 'அப்புச்சி' என்று கூப்பிடும் பேத்தி ரித்திகா ஒன்றாம் வகுப்பு. அவளை அன்னூருக்குக் கூட்டிவந்து எங்களோடு வைத்துப் படிக்கவைப்பதாகப் பாப்பாயியிடம் சவால் விட்டுத்தான் பஸ் ஏறினேன்.

"அம்மணி, இந்த இடத்துல குழந்தையை வெச்சுட்டு எப்படித்தான் தூங்கறீங்களோ! எங்கிட்ட விடு. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன்."

பிரவீனா சண்டைக்கு வரவில்லை. "நாளைக்கு இங்க அவசரகால ஒத்திகைங்கப்பா. எங்க ரெண்டு பேருக்கும் டூட்டி. பாப்பாவை நீங்கதான் பாத்துக்கோணும். சைரன் அடிச்சா ஊட்டுக்குள்ள போயி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக்கோணும். திறந்து வெச்சதைத் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது. எல்லாம் முடிஞ்சா நீளமா, ஒரே மாதிரி ஊதும். அதுவரைக்கும் யார் வந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது. இதைச் சரியாச் செஞ்சுபோட்டீங்கன்னா பாப்பாவை அனுப்பறதைப் பத்திப் பேசலாம்."

கதவைச் சாத்துவதற்கு ஒரு பரீட்சையா! ஜெயித்துவிட்டதாகவே நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சைரன் ஏறி இறங்கி அலறியது. நானும் பேத்தியும் ஜன்னல்களைச் சாத்தினோம். கதவின் அடி இடுக்கில் அவள் ஈரத்துண்டை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். அதுவரைக்கும் நான் நூற்றுக்கு நூறு. பிறகுதான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஒரு பெண் வேகாத வெயிலில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் வாசலில் நின்றாள்.

வாசலில் நிற்கிறவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி வைப்பதா? நாளைக்கு ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? திறந்துவிட்டேன்.

"ஏனுங்க, வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க. ஒரு வாய் மோராச்சும் குடிச்சுட்டுப் போங்க."

"சார், திறக்கக்கூடாது. எல்லாரும் கதவைச் சாத்தியிருக்காங்களான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்."

"அது கிடக்கட்டுங்க. பேரென்னங்க அம்மணி?"

"யுஸ்ரா. உள்ளே போங்க சார்!"

அவள் கிளம்பினாள். வெறும் வாயோடு அனுப்ப மனசு வருமா? மேசைமேல் மூடாமல் இருந்த மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் போனேன். முகமூடி போட்டவள் எதன் வழியாகக் குடிப்பாள் என்று யோசிக்கிற புத்தி இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"கண்ணு, அப்புச்சிதான். திற."

"இன்னும் நீளமா ஊதலீங்க அப்புச்சி. யார் வந்தாலும் திறக்கக்கூடாதுங்க."

யுஸ்ரா ஒரு மஞ்சள் அட்டையை என் கழுத்தில் மாட்டினாள். 'பாதிக்கப்பட்டவர்' என்று போட்டிருந்தது. அந்தத் தெருவிலேயே அந்தப் பட்டம் எனக்கு மட்டும்தான். வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். மோரையும் நானே குடித்தேன். அதுவும் தப்பு என்பது குடித்த பிறகு ஞாபகம் வந்தது.

ஒருவழியாக நீளமாக ஊதியது. கதவு திறந்தது. 'அப்புச்சியை வெளிய தள்ளிச் சாத்திப்போட்டியே' என்று கேலி பண்ண வாயெடுத்தேன். ரித்திகாவின் முகம் அழுது வீங்கியிருந்தது. என் கழுத்து அட்டையை இழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நீங்க செத்துப்போயிருவீங்கன்னு நெனச்சனுங்க அப்புச்சி. திறக்கலாமா, வேண்டாமான்னு தாழ்ப்பாளையே புடிச்சுட்டு நின்னேன்."

நான் விளையாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்தக் குழந்தை கதவுக்கு அந்தப் பக்கம் என்னைப் பறிகொடுத்துவிட்டு நின்றிருக்கிறது. அவளைத் தூக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

டூட்டி முடிந்து வந்த பிரவீனா அட்டையைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குள், "பாப்பா இங்கயே இருக்கட்டும் அம்மணி" என்று நானே சொன்னேன்.

ஊருக்குக் கிளம்புகிற காலையில், "அப்ப வாரேன் கண்ணு. கேட்டுக்கெல்லாம் வராத, கதவைச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ரித்திகா ஓடிவந்து என் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

"இன்னைக்கு சைரன் இல்லீங்க அப்புச்சி."

தெருமுனைவரைக்கும் வந்தாள். அங்கே நின்று, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பேச ஆரம்பித்தாள். என் பஸ் போய்விட்டது.